தலையணைக்கு அடியில் பிஸ்கட்

என் வாயாடிப் பேத்திக்குப் பாட்டி தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

அன்று சர்க்கரை டாக்டர் அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் நழுவக் கூடாது. மேஜைக்குப் பின்னால் டாக்டர். பக்கத்து நாற்காலியில் டயட்டீஷியன் பெண். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உன் அம்மா. சுவரோரமாக உன் தாத்தா. நடுவில், கூண்டில் ஏற்றிய மாதிரி நான்.

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இவ்வளவுதான். இத்தனை நாள் நான் சொல்லச் சொல்லத் தாத்தா எழுதினார். இனி அந்தத் தயவு வேண்டாம். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் எந்தச் சட்டைக்குப் பொத்தான் இல்லை என்பது வரை தெரிகிறது.

சர்க்கரை இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டேன் என்று கண் டாக்டர் சொன்னபோது நீதானே போனில் சொன்னாய், சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முட்டை, மீன், கீரை என்று சாப்பிட்டுப் பாருங்கள், ஆனால் சர்க்கரை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள் என்று. கேட்டேன். டயட்டீஷியன் பெண் எதை எவ்வளவு தின்பது என்று சுவரில் மாட்டியிருந்த தட்டுப் படத்தைக் காட்டினாள். எனக்கு அது மங்கலாக நிலா மாதிரித்தான் தெரிந்தது. தானியத்தை இப்படி ஒரேயடியாக ஒதுக்கக் கூடாது, கொழுப்பு கூடினால் இதயத்துக்கு ஆகாது, காலம்காலமாக எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறோம் என்றாள். காலம்காலமாக நானும் அதைத்தானே தின்றேன், சர்க்கரை ஏறிக்கொண்டேதானே போனது என்றேன். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன், மூன்று மாதம் செய்து பாருங்கள் என்று டாக்டர்தான் பஞ்சாயத்தை முடித்துவைத்தார்.

வீடு திரும்பியதும் உன் தாத்தா, "நீ விட்டா நானும் விட்டேன்" என்று மார்தட்டினார். அவருக்கும் சர்க்கரை உண்டே. இந்த மனுஷனைக் கட்டியதற்கு ஒரு நாளாவது பெருமைப்பட்டேன் என்றால் அது அன்றுதான்.

எளிதாக இருந்தது என்று நினைக்காதே. ஆரம்பத்தில் தலை வலித்தது. கீழே பேக்கரியில் ரொட்டி வேகும் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்வேன். ஆனால் ஒரு பருக்கை தொடவில்லை. வீம்பு என்று வந்துவிட்டால் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். என் கல்யாணத்தன்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு போன தாத்தாவின் அக்காவிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் கொடுத்துவிட்டு, முதலில் சொன்ன அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். முடிவு வருவதற்குள் உன் அம்மா கைப்பையைத் திறந்து, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் ஒன்றை டாக்டர் மேஜையில் வைத்தாள். காலையில் படுக்கையை உதறும்போது என் தலையணைக்கு அடியில் இருந்ததாம். "அத்தை கோவிச்சுக்குவாங்க, ஆனா மறைச்சா அவங்களுக்குத்தானே கெடுதல்" என்று அழுகிற குரலில் சொன்னாள்.

டயட்டீஷியன் பெண், "இதத்தான் நான் அப்பவே சொன்னேன். இந்தப் பத்தியத்த யாராலயும் தாங்க முடியாது. கடைசியில திருடித் திங்கத்தான் வைக்கும்" என்றாள். திருடி. அந்தச் சொல்லை அப்படியே முடிந்து வைத்துக்கொண்டேன். நான் தொடவில்லை என்றேன். யாரும் நம்பவில்லை. உன் தாத்தா மட்டும் எழுந்து எனக்காகப் பரிந்து பேசினார்: "பாவம், திட்டாதீங்க. வயசான காலத்துல ஆசை யாரை விட்டுச்சு?"

தின்னாதவளுக்காக மன்னிப்பு கேட்கிறார்!

அதற்குள் முடிவு வந்தது. டாக்டர் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார். "நாக்கு பொய் சொல்லும்மா, ரத்தம் சொல்லாது. நல்லா இறங்கியிருக்கு. இது பிஸ்கட் தின்ன ரத்தம் இல்ல. கண் ஆபரேஷனுக்கு எழுதித் தரேன்" என்றார். மாத்திரையிலும் ஒன்றைக் குறைத்தார். உன் அம்மா அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டயட்டீஷியன் பெண்ணும் அந்தச் சொல்லுக்காக வருத்தம் தெரிவித்தாள். ஆனால் தன் கட்சியை விடவில்லை. உங்களுக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, ஐந்து வருஷம் போனால் எப்படி இருக்கும் என்று தெரியாது என்றாள். "அப்ப அஞ்சு வருஷம் கழிச்சு வந்து சொல்றேன், இதே நாற்காலியில இருங்க" என்றேன். அவளே சிரித்துவிட்டாள். தெரியாததைத் தெரியாது என்கிறவளை எனக்குப் பிடிக்கும்.

அப்படியானால் பிஸ்கட் யாருடையது? அன்று யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் கட்டை அவிழ்த்து, மெதுவாகத் திறவுங்கள் என்றாள். திறந்தேன். எதிரே ஒரு முகம், ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாக. அதில் ஒரு வெள்ளை மீசை. மீசை நிறையப் பிஸ்கட் தூள்.

கண் தெரியாதவள் தலையணைதான் பத்திரமான இடம் என்று உன் தாத்தா ஒளித்து வைத்திருக்கிறார்.

நாளைக் காலை அவரை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க இழுத்துக்கொண்டு போகிறேன். நாளை முதல் என் தட்டில் என்னவோ அதுதான் அவர் தட்டிலும். எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து தப்பிக்கலாம் என்று பார்க்கிறார். விடுவேனா?

நீ ஆயுசோடும் வாயோடும் நன்றாயிரு. அடுத்த விடுமுறைக்கு வந்துவிடு. உன் முகத்தைத் தெளிவாகப் பார்த்து வெகுகாலமாகிறது.

இப்படிக்கு,
உன் பாட்டி

உறையை ஒட்டுவதற்கு முன் ஒன்று. உன் அம்மாவை மன்னித்துவிட்டேன். டயட்டீஷியன் பெண்ணையும் மன்னித்துவிட்டேன். செருப்பைக் கொண்டுபோன அக்காவைக்கூட இந்த வாரம் மன்னித்தாலும் மன்னிப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாரே, உன் தாத்தா, அவரை மட்டும் மாட்டேன்.