இறக்கையை மூடியிருந்த தட்டான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் என்றால் நீ "பரவால்லப்பா" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், இல்லாவிட்டால் எனக்கே தைரியம் போய்விடும். பஸ் பணிமனைக்குப் பின்னால் உள்ள குட்டையை மூடி பஸ் நிறுத்தப்போகிறார்கள், மூடக்கூடாது என்று நீ எழுதிய அறிக்கை இருபதாம் தேதி கூட்டத்துக்கு வருகிறது, அதில் பெரிய துருப்புச்சீட்டே நான் பார்த்துச் சொன்ன அபூர்வ ஊசித்தட்டான்தான். அது ஊசித்தட்டான் இல்லையம்மா. உட்காரும்போது இறக்கையை விரித்தால் தட்டான், முதுகின் மேல் சேர்த்து மூடினால் ஊசித்தட்டான் என்று நீ சொல்லித் தந்ததை அப்படியே பிடித்துக்கொண்டேன், முப்பது வருஷம் பஸ் இன்ஜினைப் பிரித்த புத்தி, ஒரு அடையாளம் கிடைத்தால் அதோடு நின்றுவிடுகிறது. நேற்று காலை அதே கோரையில் அதேபோல் வெளிறிய ஒன்று இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் அது கழற்றிப்போட்ட தோல். அசையாமல் நின்று பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இறக்கையை விரித்துவிட்டது, எங்கும் பறக்கிற சாதாரணத் தட்டான். அன்று நான் பார்த்ததும் இப்படித்தான், அப்போதுதான் பிறந்ததால் நிறம் ஏறாமல் இறக்கை மூடி இருந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் போனில் அதைச் சொன்ன அன்றைக்கு நீ, "உடம்பு ஒல்லியா இருந்துச்சாப்பா, நல்லா பாத்தீங்களா" என்று கேட்டாய். நான் உடம்பைப் பார்க்கவே இல்லை. உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் "குச்சி மாதிரி இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். நான் எடுத்து அனுப்பிய படம் மங்கல், நீ என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டாய். முதலில் சொன்னது தெரியாமல் செய்த தவறு, இது பொய். அம்மாவிடம் சொன்னால் "குட்டையும் போயிரும், புள்ள பேரும் போயிரும், பேசாம இருங்க" என்கிறாள். குட்டையை அளக்க வந்த பொறியாளர் வேறு, "அந்த அபூர்வப் பூச்சிய எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அறிக்கையில் அந்த ஊசித்தட்டான் வரியை நீயே அடித்துவிடு. நீ அடிக்காவிட்டால் கூட்டத்தில் எழுந்து நான் சொல்லிவிடுவேன், உன்னைக் கேட்காமல் சொன்னேன் என்று இருக்கக்கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். அந்தத் தண்ணீரில் உயிர் பிறக்கிறது என்பது மட்டும் நிஜம், அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்கு முன் போன் செய், திட்டுவதற்காகவாவது செய். நானே எடுப்பேன், அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தப்பிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கையெழுத்துக்கு மேல் பொய் சொன்ன
அப்பா