மூன்றாவது சம்மதம்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, சிறையிலிருந்து நாலு வருஷமாக "நல்லா இருக்கேன்" என்ற ஒரே வரியைத்தான் எழுதுகிறாய், அதை நானே எழுதிக்கொள்வேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, மாடிப்படி ஏறுவதில்லை.

லாரி ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதியே முப்பது வருஷம் ஓட்டியவன், இப்போது வாரம் இரண்டு நாள் சட்டக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் சிரிப்பாய். உன் அம்மா என்னை வக்கீலய்யா என்றுதான் கூப்பிடுகிறாள். உன்னை அந்த நாட்டுச் சிறையிலிருந்து இங்கே கொண்டுவர வழி உண்டா என்று தேடத்தான் போனேன். முதல் மாதம் முழுக்க நம் நாட்டுச் சட்டத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். நூலகத்துப் பெண் பார்த்துவிட்டு, தண்டனை கொடுத்தது அவங்க நாடு, நீங்க நம்ம புஸ்தகத்தையே பொரட்டினா எப்படிங்கய்யா என்றாள். பிறகு அவள்தான் வழி காட்டினாள். இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, இரண்டு நாடும் அதை உறுதி செய்திருக்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்புறம் அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு என்ன விதி என்று தேட வேண்டும், அதுவும் பழைய பதிப்பாக இருந்தால் தூக்கி வைத்துவிட வேண்டும். ஐந்து மாதம் ஆயிற்று. கடைசியில் கிடைத்தது, மிச்சத் தண்டனையைச் சொந்த நாட்டுச் சிறையில் கழிக்கலாமாம். நூலகம் என்றும் பாராமல் சத்தம் போட்டுவிட்டேன்.

மூன்று தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பில் இருந்தது. இரண்டு அரசாங்கம், ஒரு கோர்ட்டு என்று நானாக நினைத்துக்கொண்டு மனு அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது, இரண்டு அரசுக்கும் ஆட்சேபம் இல்லை, மூன்றாம் தரப்பு மறுத்துவிட்டது என்று. எந்தப் பாவி கோர்ட்டு இது என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நூலகத்துக்குப் போனேன். அந்தப் பெண் மூல மொழியில் இருந்த ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தாள். மூணாவது ஆள் கைதிதாங்கய்யா என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை நான் திட்டியதெல்லாம் உன்னைத்தான்.

ஏன்டா மறுத்தாய்? நீ ஓட்டிய வண்டியில் அடிபட்டு இறந்தவரை நினைத்து உன்னையே தண்டித்துக்கொள்கிறாயா? அதற்கு இன்னும் ஏழு வருஷம் மிச்சம் இருக்கிறது, அதை இங்கே இருந்து செய். இல்லை, எங்களைச் சிறை வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்று நினைத்தாயா? நிற்கத்தானே ஆசைப்படுகிறோம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அரசாங்கம் இழுத்தடிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் எந்தச் சிறையில் வைப்பார்கள், பஸ் நேராகப் போகுமா, உள்ளே படி எத்தனை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

மறுத்தவர் மனம் மாறினால் திரும்பவும் கேட்கலாம் என்று அந்த நாட்டு விதியில் இருக்கிறது, இந்தத் தடவை அந்தப் பெண்ணை மூலத்தையே வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். படிவம் இதோடு வைத்திருக்கிறேன். வளர்ந்த பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றவன் கையெழுத்துப் போட வழி உண்டா என்றும் தேடினேன். இரண்டு நாட்டுச் சட்டத்திலும் இல்லையடா.

வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. கறுப்பு மையில்தான் போட வேண்டுமாம், மறந்துவிடாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அப்பா