ரத்தத்தின் மேல் போட்ட பழி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன்னால் இப்போது டம்ளரையாவது பிடிக்க முடிகிறதா?

தெர்மாமீட்டர் கம்பெனி டாக்டர் கொடுத்த படிவத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குக் கை நடுங்கியது, அத்தைக்கு நடுங்கியது, இப்போது உனக்கு. மூவரும் ஒரே ரத்தம், ஆகவே பரம்பரை நோய் என்று எழுதியிருக்கிறார். நீ கையெழுத்துப் போட்டால், வழக்கம்போல உன் இடத்தை நம் வீட்டு ஆளுக்கே தருவார்கள். வாலுவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பாதரசம் நிரப்பும் அறையில் உன் நாற்காலியிலேயே உட்காரலாம். என் மகளுக்காக இதைச் செய், அக்கா.

உன் தம்பி

(கம்பெனி ஆபீஸில் என் மேசை டைப்ரைட்டரிலேயே அடித்ததற்குக் கோபிக்காதே. நேரமில்லை.)

மார்ச் 11

என் தம்பிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பென்சில் என் பேச்சைக் கேட்பதில்லை.

படிவத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்த டாக்டர் கை நடுங்குகிறவர்களை மட்டும் கூப்பிட்டு, "உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கத்தானே செய்யும்? சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரை அந்த நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள்? அப்பா அத்தையைச் சேர்த்துவிட்டார், அத்தை என்னை. பரம்பரையாக வந்தது வேலைதான். நம் வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுகிறோம், அதுவும் ரத்தத்திலா வந்தது?

டாக்டர் கேட்காதவர்களை நான் போய்க் கேட்டேன். சித்தப்பாக்கள் இரண்டு பேர், அத்தையின் பிள்ளைகள் மூன்று பேர், பிறகு நீ. ஆறு பேரும் நம் ரத்தம். ஒருவரும் அந்த அறையில் கால் வைத்ததில்லை, ஒருவருக்கும் நடுக்கமில்லை. உன் அத்தானோ நம் ரத்தமே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் சேர்த்துவிட, ஒன்பது வருஷம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நேற்று அவர் சட்டைக்கு ஒரு பொத்தான் போட இரண்டு பேரும் கால் மணி நேரம் போராடிவிட்டு, கடைசியில் சிரித்துத் தொலைத்தோம். அந்த அறையைக் கூட்டுகிற அம்மாவுக்கும் நடுங்குகிறது. அவர் யார் வீட்டு ரத்தமோ.

நோய் ரத்தத்தில்தான் என்றால், அதே ரத்தம்தானே வாலுவுக்கும்? அவளை ஏன் கண்ணாடிக் குழாய் பிடிக்கக் கூப்பிடுகிறார்கள்? அறையில்தான் என்றால், நீ ஏன் அவளை அனுப்புகிறாய்?

கையெழுத்துப் போட மாட்டேன். நஷ்டஈடு கேட்டுக் கம்பெனி மேல் கோர்ட்டுக்குப் போகிறேன்.

உன் அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

நீ என்ன டாக்டருக்குப் படித்தவளா? மேலதிகாரி இன்றைக்கும் கேட்டார். என் வேலையும் அவர் கையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் படிவம் வராவிட்டால், எனக்கு அக்காவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

தாராளமாக நினைத்துக்கொள். படிவம் அடுப்புக்குள் போய்விட்டது.

ஒன்று மட்டும் செய். வாலுவை எதிரே உட்காரவைத்து, ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பார். அவள் வயதில் நானும் ஒரே தடவையில் கோத்தவள்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

ஒரே தடவையில் கோத்துவிட்டு, "இன்னொன்னு குடுங்கப்பா" என்றாள். என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய் நின்று அழுதேன்.

அந்த இடம் வேண்டாம் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். என் மேசையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். செய்தாயிற்று.

இது டைப்ரைட்டரில் அடித்ததில்லை, என் கையால் எழுதியது. அதே அப்பாவின் மகன், வயது நாற்பத்தெட்டு, அந்த அறைக்குள் ஒருநாளும் போகாதவன். ஒரு எழுத்தாவது நடுங்கியிருக்கிறதா என்று கோர்ட்டில் காட்டிக் கேள். ஒருவன் எழுத்து போதாது என்பார்கள். நீ விசாரித்த மற்ற ஐந்து பேரிடமும் அவரவர் கையாலேயே எழுதி வாங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன். அத்தானுக்குச் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன். மூன்று பேருமாகப் போவோம்.

உன் தம்பி