குழந்தைகள் ஏறாத கப்பல்

அல்சூர், பெங்களூர்
20-8-2000

சௌபாக்கியவதி வித்யாலட்சுமிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், முந்தாநாளிலிருந்து தனித்தனியாகச் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, நிகில், சின்னவள் மகா எல்லோரும் ஒன்றாகவே சௌக்கியமாக இருக்க சோமேஸ்வரர் அருள் புரியட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் உடனே மன்னித்துவிடுவேன், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

யுகாதி அன்று நீ போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்பா, அக்டோபர்ல ஒரு வாரம் ஷிப்ல போலாம்னு இருக்கு, சின்னப் பசங்க கூட்டமே இல்லாத ஷிப்பா ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன், நீங்கதான் எதையும் துருவித் துருவிப் படிப்பீங்களே என்றாய். அதே மூச்சில், நீங்களும் அம்மாவும் செப்டம்பர் கடைசியிலயே வந்துடுங்க என்றும் சொன்னாய். நமக்கும் பக்கத்து நர்சரி பள்ளிக்கும் நடுவே ஒரே சுவர், அந்தச் சுவர் வழியாகப் பகல் முழுக்க வாய்ப்பாடு வருகிறது என்று நான் உனக்கு எத்தனை வருஷமாக எழுதி வருகிறேன். எங்களையும் அந்தக் கப்பலில் கூட்டிப்போகத்தான் கேட்கிறாய், என் மகள் என் காதுகளை மறக்கவில்லை என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாளே பிரிகேட் ரோட்டில் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். அங்கே இருந்த ஷில்பா என்ற பெண் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மக்களு பேடவா சார், குழந்தைங்களே வேண்டாமா என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றுகூட வேண்டாம் அம்மா என்றேன். அவள் கொடுத்த கலர் புத்தகங்களை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். நீச்சல் குளத்தில் சறுக்குமரம் உள்ள கப்பலைத் தள்ளினேன். கரடி வேஷக்காரர் கை குலுக்கும் கப்பலைத் தள்ளினேன். பழைய கோட்டைகளும் மியூசியங்களும் உள்ள ஊர்களில் நிற்கும் கப்பலுக்கு எந்தக் குழந்தை வரும், இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டு போட வேண்டிய இடத்தில் எந்தக் குழந்தை உட்காரும், பள்ளிக்கூடம் நடக்கிற மாதத்தில் எந்தக் குழந்தையைக் கூட்டிவர முடியும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றாத கப்பல் ஒன்றையே கண்டுபிடித்து உனக்கு எழுதினேன். சூப்பர்ப்பா, அதையே புக் பண்ணிட்டோம் என்றாய். நிகிலும் மகாவும் என்ன ஆவார்கள் என்று கேட்டதற்கு, அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சுப்பா என்றாய். அமெரிக்காவில் எதற்கும் ஏற்பாடு இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. நம் செயலாளர் கஸ்தூரிரங்கனைப் பற்றி உனக்குத் தெரியும், ஒருவர் ஓசூர் தாண்டிப் போனாலே பொன்னாடை எடுத்துவிடுவார், நான் கடலில் போகிறேன் என்றால் சும்மா இருப்பாரா. பொன்னாடை போர்த்தி, கடல் கண்ட ஆதிகேசவன் என்று ஒரு பட்டமும் கொடுத்தார். கடலை இனிமேல்தான் காண வேண்டும் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. நானும் பழந்தமிழர் கடற்பயணம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். அந்தக் கைதட்டலை நீ நினைவில் வைத்துக்கொள்.

கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தாலும் முந்தாநாளே பெட்டி அடுக்கினோம். நான் சங்கத்துக் கணேசமூர்த்தியிடம் கடன் வாங்கிய பைனாகுலரை வைத்தேன். அவள் சத்துமாவு, வசம்பு, நலங்குமாவு, முறுக்கு அச்சு என்று வைத்துக்கொண்டே போனாள். கப்பல் மேல்தளத்தில் காற்று அடிக்கும், உனக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வை என்றேன். எனக்கு எதுக்குங்க ஸ்வெட்டரு, கப்பல்ல போறது அவங்க ரெண்டு பேருதானே, நாம வீட்ல பசங்களோட இருக்கப்போறோம் என்றாள், பால்காரன் வந்துவிட்டான் என்று சொல்கிற அதே குரலில். நீ சொன்ன ஏற்பாடு நான்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை விட்டுவிட்டுப் போகிற கப்பலை, ஒரு குறையும் இல்லாமல், நானே தேடிக் கொடுத்திருக்கிறேன்.

உனக்கு எப்போது தெரியும் என்று அவளைக் கேட்டேன். யுகாதி முடிஞ்ச மறுவாரமே வித்யா சொல்லிட்டா, உங்ககிட்ட சொன்னா ஆயா வேலைக்கு அமெரிக்கா வரணுமான்னு கேப்பீங்க, வரமாட்டேன்னு உக்காந்துடுவீங்க, எனக்கு மகாவைப் பாக்கணும், ரெண்டு வயசாயிடுச்சு, இன்னும் போட்டோவுலதான் பாத்துட்டு இருக்கேன் என்றாள். அப்படியானால் சங்கத்தில் ஏன் கை தட்டினாய் என்றேன். அத்தினி பேரு எதிர்ல என்னன்னு சொல்றது, ரிட்டையர் ஆனதுல இருந்து நீங்க அவ்வளவு சந்தோஷமாப் பேசி நான் பாத்ததில்ல என்றாள். முந்தாநாளிலிருந்து என் காபியை நானே கலந்து குடிக்கிறேன்.

வித்யா, ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பா, ஒரு வாரம் பசங்களைப் பாத்துக்கோங்க, நாங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வரோம் என்று நேராகக் கேட்டிருந்தால் நான் காலையில் முடியாது என்றிருப்பேன், சாயங்காலம் சரி என்றிருப்பேன். உன் காலேஜ் டூர் முதல் கல்யாணம் வரை நம் வீட்டில் எல்லாம் அப்படித்தானே நடந்தது. அந்தக் காலை நேரத்து 'முடியாது'வைக்கூட எனக்கு மிச்சம் வைக்காமல் நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டீர்கள். மற்றதெல்லாம் ஆறிவிடும், இது ஆற நாளாகும்.

நான் வருகிறேன். மகாவை நானும் பார்த்ததில்லை. பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கஸ்தூரிரங்கன், நான் திரும்பி வந்ததும் 'கடலில் ஏழு நாள்' என்ற தலைப்பில் என் சொற்பொழிவை அறிவித்துவிட்டார். ஆகவே கப்பலில் நீ சும்மா இருக்க முடியாது. விடிகாலையில் கடல் என்ன நிறம், இரவில் எஞ்சின் சத்தம் படுக்கை வரை வருகிறதா, கரை மறைகிற நேரத்தில் மனசு என்ன செய்கிறது, எல்லாவற்றையும் பார்த்து வைத்து, வந்ததும் எனக்கு ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். பொய் சொல்லப் போகிறவனுக்குச் சரக்காவது உண்மையாக இருக்க வேண்டும். ஈரத்தலையோடு மேல்தளத்தில் நிற்காதே. குமட்டினால் சுக்கு வாயில் போட்டுக்கொள், அம்மா கொண்டு வருகிறாள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், இதில் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவே இல்லை. குழந்தைகளுக்கு முத்தங்கள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருங்கள். நிகிலுக்கு என்னென்ன சாப்பிடப் பிடிக்கும் என்று மறக்காமல் எனக்கு எழுது, அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

இப்படிக்கு,
உன் ஏற்பாடு,
ஆதிகேசவன்