த்ராட்டில் எந்தக் கையில்?

நார்தாம்ப்டன்
4.2.1979

அன்பு தோஸ்த் சுந்தருக்கு,

சலாம். இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டுக்கும் பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வரவில்லை. என்னடா பேஜார்? ஊரில் எல்லாரும் சௌக்கியம் என்று அப்பா எழுதுகிறார். நீ எழுதினால்தான் நம்புவேன்.

இங்கே பனி. தோலில் எத்தனை அடுக்கு என்று தோல் பதனிடும் கல்லூரியில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். நம் ஆம்பூரில் எட்டு வயதுப் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாதிரி விமான கிளப்புக்குப் போகிறேன். என்.சி.சி.யில் நாம் கம்பி கட்டிச் சுற்றவிட்டோமே, அந்தக் கதை இங்கே இல்லை. ரேடியோ. கையில் ஒரு பெட்டி, அதில் இரண்டு குச்சி. விமானம் தலைகீழாகப் போகிறது, நேர்கோட்டில் உருண்டுகொண்டே போகிறது. நான் ஒரு செட் வாங்கி உனக்கு அனுப்பப்போகிறேன். நீ ஓட்டு. டிசம்பரில் நான் லீவில் வரும்போது பெங்களூர் போட்டிக்குப் போவோம்.

கடைக்காரர் ஒரே கேள்வி கேட்டார்: "த்ராட்டில் எந்தக் கையில்?"

இரண்டு விதம் இருக்கிறது. முதல் விதத்தில் எஞ்சின் வேகம், அதுதான் த்ராட்டில், வலது கைக் குச்சியில். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் இடது கையில். இரண்டாவது விதத்தில் எஞ்சின் இடது கையில். எலிவேட்டரும் இறக்கையைச் சாய்ப்பதும் சேர்ந்து வலது கையில். வாலைத் திருப்பும் ரடர் எப்படியும் இடது கைதான். கிளப் சாம்பியன் முதல் விதம்தான் சிறந்தது என்கிறார். மூக்கு ஒரு கையில், இறக்கை ஒரு கையில் இருந்தால் ஒன்றை அசைக்கும்போது மற்றது தவறி அசையாதாம்.

உனக்கு எது வசதி? உடனே எழுது.

உன்
இஷ்தியாக்


ஆம்பூர்
20.2.1979

அன்புள்ள இஷ்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குச்சி விஷயத்தை மூன்று நாள் யோசித்தேன். பென்சில் இரண்டை மேஜையில் நட்டுவைத்து ஓட்டிப் பார்த்தேன். பொன்மலர், "இன்னாண்ணா, எறும்புக்கு ஜெபம் நடத்தறியா?" என்று சிரித்தாள். டிசம்பருக்கப்புறம் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

உன் சாம்பியன் சொல்வது சரி. மெதுவாக உருட்டும்போது இறக்கை செங்குத்தாக நிற்கும் இடத்தில் ரடர்தான் மூக்கைத் தாங்க வேண்டும். தலைகீழாக வரும்போது எலிவேட்டர் தாங்க வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். பத்து விரல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எனக்கு த்ராட்டில் இடது கையில் வேண்டும். அதை ஆள்காட்டி விரலால் தள்ளிவிட்டால் போதும், தள்ளின இடத்தில் நிற்கும். மூக்கும் இறக்கையும் வலது கைக்கு வரட்டும்.

இடது கைக் கட்டைவிரல் போய்விட்டது இஷ்தி. டிசம்பர் பதினொன்று. உங்கள் தோல் தொழிற்சாலையில் மூன்றாம் நம்பர், தோலில் ஒட்டின சதையைச் சீவுகிற மெஷின். தோல் மடிந்து உள்ளே போனது, நான் இழுத்தேன், உருளை என்னை இழுத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அன்று பொன்மலருக்குத்தான் நர்ஸ் டியூட்டி. பெயர் எழுதும்போதுதான் அண்ணன் என்று தெரிந்ததாம்.

எழுத வெட்கமாக இருந்தது. யார் செய்த தப்புக்கு எனக்கு வெட்கம் என்று யோசித்தால் கோபம் வருகிறது. இரண்டும் மாறி மாறி வந்ததில் தபாலாபீஸ் பக்கம் போகவில்லை.

ஒரு காரியம் ஆக வேண்டும். அந்த மெஷினுக்கு முன்னால், கை உள்ளே போகாமல் தடுக்க ஒரு கார்டு கம்பி இருந்தது உனக்குத் தெரியும். ஆகஸ்டில் யார் கழற்றச் சொன்னார்கள் என்பதும் தெரியும். இப்போது உன் அப்பா ஆபீஸில், அந்த மெஷினுக்குக் கார்டு இருக்கிறது, சுந்தர்ராஜ்தான் தானாகக் கழற்றினான் என்கிறார்கள். வேலூர் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரிக்கப்போகிறார். நடந்ததை நீ ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அன்புடன்
சுந்தர்


நார்தாம்ப்டன்
5.3.1979

சுந்தருக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்பே தெரியும்.

ஜனவரியில் அப்பா எழுதியிருந்தார். "உன் சிநேகிதன் கவனமில்லாமல் கையை விட்டுவிட்டான், லேசான காயம்." எந்தக் கை என்று எழுதவில்லை. உன்னிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டதும், இதை அப்படியே உனக்கு எழுதினால் பதிலிலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இதைவிடக் கேவலமாக ஒருவன் நலம் விசாரிக்க முடியாது.

கழற்றச் சொன்னது நான்தான். ஷிப்மென்ட் அவசரம். "கார்டைக் கழட்டி வைடா, பீஸ் ஜாஸ்தி வரும்" என்று உன்னிடம்தான் சொன்னேன். "வேணாம் இஷ்தி, மெஷின் பல்லு நேரா தெரியுது" என்றாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது கேட்கிறது.

தாள் விஷயம் கொஞ்சம் பொறு. அப்பாவுக்கு இரத்த அழுத்தம். பக்குவமாகச் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

செட் வாங்கிவிடுகிறேன். எஞ்சின் எரிபொருளில் கலக்க விளக்கெண்ணெய் அங்கேயே கிடைக்கும். ஈதருக்கு நம் காலேஜ் லேபில் கேள்.

இஷ்தியாக்


ஆம்பூர்
17.3.1979

இஷ்தியாக்,

விசாரணை ஏப்ரல் 16, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி.

உன் அப்பாவின் இரத்த அழுத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்கிறது. கட்டைவிரலுக்கு அங்கே ஒன்றும் இல்லை, பொன்மலரிடம் கேட்டுவிட்டேன்.

தினமும் மேஸ்திரி என் வீட்டுக்கு வருகிறார். "ஒரு கையெழுத்துப் போடுப்பா. ஸ்டோர்ல உக்கார வைக்கிறோம்னு முதலாளி சொல்றார். மெஷினுக்கு நீ இனிமே ஆவ மாட்டே, இன்னா பண்ணப்போறே?" என்கிறார். கையெழுத்துப் போட்டால் தப்பு என்னுடையது என்று ஆகும். என்னோடு வேலை செய்கிற வேலு எனக்காகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறான். பத்தொன்பது வயது, நேற்றுக் கல்யாணம் ஆனவன். அவனைத் தனியாக நிற்க வைக்காதே.

தாள் வேண்டும். செட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுந்தர்


நார்தாம்ப்டன்
27.3.1979

அன்பு சுந்தர்,

தோல் சந்தைக்கு வந்திருந்த அப்துல் ஹமீத் மாமு ஊருக்குத் திரும்புகிறார். அவர் பெட்டியில் செட் வருகிறது. ஏப்ரல் எட்டாம் தேதிக்குள் உன் கையில் இருக்கும்.

கிடைத்த அன்றே எடுத்துப் பார். உனக்கு வேண்டியது அதில் இருக்கிறது. ஸ்கூல் மணியிலிருந்து எங்கள் வீட்டு ரேடியோ வரைக்கும் நீ திறந்து பார்க்காமல் விட்ட சாமான் உண்டா? என் அம்மா உன்னைப் பார்த்தாலே ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைப்பாரே, ஞாபகம் இருக்கிறதா?

வேறு எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

இஷ்தியாக்


ஆம்பூர்
22.4.1979

சின்ன முதலாளி அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பெட்டி எட்டாம் தேதி கிடைத்தது. நன்றி.

நான் த்ராட்டில் இடது கையில் என்று எழுதியிருந்தேன். தாங்கள் வலது கையில் அனுப்பியிருக்கிறீர்கள். எலிவேட்டர் இடது கையில் இருக்கிறது, கட்டைவிரல் வைக்க வேண்டிய இடத்தில். சாம்பியனுக்குப் பிடித்த விதம். ஏன் விரல் இல்லை என்று நான் எழுதியதைத் தாங்கள் படிக்கவே இல்லை என்று புரிந்துகொண்டேன். படித்திருந்து அனுப்பினீர்கள் என்றால் அது இன்னும் மோசம்.

உறைக்குள், பஞ்சுக்குள், அட்டைப் பெட்டியின் அடியில் எல்லாம் தாள் தேடினேன். ஹமீத் சாஹிப் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "லெட்டர் ஒண்ணும் குடுக்கலியே பேட்டா" என்றார். பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பதினாறாம் தேதி வரை பார்த்தேன். அன்று காலை ஒன்பது மணிக்கு மேஸ்திரி கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். 'என் சொந்தக் கவனக்குறைவால் கார்டை நானே கழற்றினேன்.' கையெழுத்துக்கு வலது கை போதும் அல்லவா. இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வெளியே வேலு நின்றிருந்தான். சாட்சிக்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். "இன்னாண்ணா, நீயே எழுதிக் குடுத்துட்டே. நான் இன்னா பேசறது?" என்று கேட்டான். இப்போது மூன்றாம் நம்பர் மெஷினில் அவனைத்தான் போட்டிருக்கிறார்கள். கார்டு இன்னும் மாட்டவில்லை. நான் ஸ்டோரில் உட்கார்ந்து அவனுக்குக் கையுறை கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறேன்.

தங்கள் படிப்பு நல்லபடி முடியட்டும்.

ஆ. சுந்தர்ராஜ்
ஸ்டோர்


நார்தாம்ப்டன்
3.5.1979

சுந்தர்,

பெட்டியின் பின்பக்கத்தைத் திற. நான்கு ஸ்க்ரூ. பாட்டரிக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். மார்ச் 25 தேதியிட்டு, என் கையெழுத்துடன். நீ கேட்ட தாள்.

நீ எழுதியதைப் படித்தேன், நூறு தடவை. அதனால்தான் வேண்டுமென்றே தப்பான விதத்தில் வாங்கினேன். வலது கைக் குச்சியிலிருந்து எஞ்சினை இடது கைக்கு மாற்ற வேண்டுமென்றால் பின்னால் கழற்றி ஒரு ஸ்பிரிங்கையும் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். சுந்தர் பார்த்ததும் கழற்றிவிடுவான், தாளைப் பார்த்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அந்த ஊரில் கழற்றத் தெரிந்த ஒரே ஆள் நீ. நீ கோபத்தில் கழற்றாமல் விடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏன் தபாலில் போடவில்லை என்று கேட்பாய். தபாலில் போட்டால் நான் அனுப்பினேன் என்று ஆகும். பெட்டிக்குள் இருந்தால் நீ எடுத்துக்கொண்டாய் என்று ஆகும். நாளைக்கு அப்பா, "நீயா குடுத்தே?" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல ஒரு வழி வைத்துக்கொண்டேன். அவர் காசில் படிக்கிறேன், அவர் காசில் சாப்பிடுகிறேன். அந்தப் பயம் தாளை எழுதும்போது பெரிதாக இருந்தது. இன்று மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஒரு பயமும் இல்லை, வெறும் அசிங்கம்தான் இருக்கிறது.

சின்ன முதலாளி என்று எழுதாதே. திட்டி எழுது.

இஷ்தியாக்


ஆம்பூர்
20.5.1979

இஷ்தியாக்,

திறந்தேன். நான்கு ஸ்க்ரூவைக் கழற்ற எனக்கு ஒரு கையும் கொஞ்சமும் போதுமாக இருந்தது. ஒரு கவரில் ஸ்டாம்ப் ஒட்ட உனக்கு இரண்டு கை போதவில்லை.

உன் கணக்கில் ஒரு தப்பு. நான் பொம்மையாக நினைத்துத் திறப்பேன் என்று நீ எதிர்பார்த்தாய். எனக்கு அது பதிலாக வந்தது. பதில் தப்பாக வந்தால் யாரும் அதைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

ஆனால் என் மேலும் தப்பு இருக்கிறது, அதை உன் தலையில் கட்டமாட்டேன். தாள் வரவில்லை என்றாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலு பக்கத்தில் நின்றான். ஸ்டோர் நாற்காலிக்காகக் கையெழுத்துப் போட்டது நீ இல்லை, நான்.

அதனால் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூர் போனேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டுல எதுய்யா நெஜம்?"

"இது சார். அதுல நான் பொய் எழுதினேன்."

"பொய்னு தெரிஞ்சே எழுதினியா?"

"ஆமா சார்."

"வெக்கமா இல்ல?"

"இருக்குது சார். அதான் வந்தேன்."

பிறகு உட்காரச் சொன்னார். அந்த ஆபீஸில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

நான் திரும்பி வருவதற்குள் ஆம்பூருக்குச் செய்தி வந்துவிட்டது. மறுநாள் காலையில் மூன்றாம் நம்பரில் கார்டு மாட்டியிருந்தது. பச்சைப் பெயின்ட், கையில் ஒட்டுகிறது. எப்போதும் இருந்ததுதான் என்று இனிச் சொல்வார்கள். சொல்லட்டும், வேலுவின் பத்து விரலும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஸ்டோர் வேலை சனிக்கிழமையோடு போய்விட்டது. பொன்மலர் சம்பளத்தில் சாப்பிடுகிறேன்.

திறந்ததுதான் திறந்தோம் என்று ஸ்பிரிங்கையும் ஒயரையும் மாற்றினேன். நேற்றுப் பாலாற்று மணலில் நம் பழைய விமானத்தில் ரேடியோவைப் பொருத்திப் பறக்கவிட்டேன். வேலு எஞ்சினைச் சுற்றிக் கொடுத்தான். மூக்கும் இறக்கையும் வலது கையில் நன்றாகத்தான் பேசுகின்றன. உருட்டும்போது ரடருக்கு ஆள்காட்டி விரல் எட்டவில்லை, பாதியில் மூக்கு விழுகிறது. வேலு கைதட்டினான். அவனுக்குக் கோணல் தெரியாது. எனக்குத் தெரியும்.

பெங்களூருக்கு நான் வரவில்லை. செட்டை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். த்ராட்டில் இடது கையில் இருக்கிறது. உனக்கு எந்தக் கையும் சரிதான்.

ஒன்று மட்டும் மிச்சம். பெட்டிக்குள் இருந்து எடுத்த தாளை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்று உங்கள் வக்கீல் சொல்கிறார். இதை எழுதியது நான்தான் என்று நீ உன் கையால் எழுதி, நேராகத் தபாலில் அனுப்பினால்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்கிறார் இன்ஸ்பெக்டர். ஜூன் கடைசி வரை பார்ப்பாராம்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். இதோடு ஒரு கவர் வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். ஸ்டாம்ப் ஒட்டவில்லை. அது உன் வேலை.

சுந்தர்ராஜ்