விளக்கு துலக்க எடுத்துப்போன வெள்ளை மாவு

பதுளையில் ஒரு பழைய நீரேற்று நிலையத்தை இடித்துக்கொண்டிருக்கிறோம். இன்று காலை குழாய்களின் மேல் அப்பியிருந்த வெள்ளைப் பூச்சுக்குத் தண்ணீர் அடித்தபோது நனைந்த சுண்ணாம்பு வாடை எழுந்தது. அவ்வளவுதான், நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய்.

தெமோதரையில் நாம் இடித்த, மின்சாரம் தயாரிக்கும் எஞ்சின் அறையிலும் புகைக்குழாய் முழுக்க இதே பூச்சுதான். அது அஸ்பெஸ்டாஸ், காய்ந்த தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, எத்தனையோ வருஷம் கழித்து ஆளைச் சாய்க்கும் என்று அதிகாரி விளக்கினார். நனைக்காமல் தொடக் கூடாது, தடித்த பொலித்தீனில் இரட்டையாகக் கட்ட வேண்டும், முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தோம். ஆனால் நமக்கு முன்னால் வேலை செய்தவர்கள் உதிர்ந்த தூளை ஓர் உரப்பையில் கூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பையைத்தான் காணவில்லை.

தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் பெண்கள் கேட்டார்கள், கொடுத்தேன் என்று காவல்காரர் சாவகாசமாகச் சொன்னார். மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் விளக்கு துலக்க வேண்டுமாம். சாம்பலையும் செங்கல் தூளையும் விட இந்த மாவில் பித்தளை பளபளக்கிறதாம். உன் மனைவியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீ வெளியே இறங்கிவிட்டாய்.

நான் கத்திக்கொண்டே கோயில் மேட்டில் ஓடினேன். எனக்கு வேறென்ன தெரியும்? நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய்.

"கத்தாதடா. பயந்து எந்திரிச்சு மடிய உதறிருவாங்க."

கோயில் மண்டபத்துக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பையை அப்போதுதான் அவிழ்த்திருந்தார்கள். மடிகளில் வெள்ளை படிந்திருந்தது. உன் மனைவி ஒரு பிடி அள்ளி வைத்திருந்தாள். நீ வாசலில் நின்று முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தாய். பிறகு சிரித்த முகமாக உள்ளே போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்தாய்.

"யாரும் எந்திரிக்காதீங்க. சேலைய உதறாதீங்க. கையில இருக்கிறத மெதுவா கீழ வைங்க."

மடி மடியாக ஊற்றத் தொடங்கினாய். திருவிழா தொடங்கவே இல்லை, அதற்குள் மஞ்சத் தண்ணி விளையாட்டா என்று ஓர் அக்கா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ உயிரே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு மூச்சை உள்ளே இழுப்பார்களே! நீ அவசரப்படவில்லை. எல்லாம் ஊறிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

விளக்குகளையும் சேலைகளையும் பொலித்தீனில் கட்டி நம் கழிவோடு அனுப்பினோம். அந்த வருஷம் அம்மனுக்கு மண் அகல்தான். கோயில்காரர்கள் உன்னோடு பேசவில்லை. ஊர் பார்க்க நனைத்துவிட்டாய் என்று உன் மனைவியும் கொஞ்ச நாள் பேசவில்லை.

இறங்கி வரும்போது முகக்கவசத்தை ஏன் கழற்றினாய் என்று திட்டினேன். "மூஞ்சி தெரிஞ்சாத்தானடா பயப்படாம இருப்பாங்க" என்றாய்.

போன வருஷம் நீ போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். சடங்கெல்லாம் முடிந்த பிறகு உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தத் தூளா இருக்குமா?"

இல்லை என்றேன். டாக்டரும் அதைத்தான் சொன்னார். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. திருவிழாக் கூட்டத்தில் எந்தப் பெண் இருமினாலும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று வேலை நடுவில் நம் ஆள் ஒருவர் ஏதோ சொல்வதற்காக முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். பாவம், அவர் உடனே அதை ஏற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவரைத் திட்டவில்லையடா, உன்னைத்தான்.