மாமாவின் வலது கண்

மாமா,

நேற்று எனக்குக் கண் ஆபரேஷன். இன்று காலை கட்டை அவிழ்த்த பிறகு கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். பஸ் பாஸ் அளவுதான் இருக்கும். என் பெயர், எந்தக் கண், உள்ளே வைத்த லென்ஸின் பவர், அதன் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. "பத்திரமா வெச்சுக்குங்க சார், இதுதான் உங்க கண்ணோட ஜாதகம்" என்று நர்ஸ் சிரித்தாள். ஆபரேஷன் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் எதிர் மருந்துக்கடையின் போர்டைக் கண்ணாடி இல்லாமல் எழுத்தெழுத்தாகப் படித்தேன். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

நீங்கள் சேக்காட்டுக்காரர். உங்கள் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் பிறகு குவார்ட்டர்ஸ் வரிசைகள் வந்தன. ஆவடியில் ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் உங்களுக்குக் காலர் வைக்கும் வேலை. அக்காவைக் கட்டிய மறு வருஷம், அறுபதுகளின் தொடக்கம், மெஷின் ஊசி முறிந்து தெறித்து இடது கண் போயிற்று. நான் அழுதுகொண்டு வந்து நின்றபோது நீங்கள்தான் எனக்குத் தைரியம் சொன்னீர்கள். "சட்டைக்கு ஒரு காலர்தான மச்சான். அதுக்கு ஒரு கண்ணு போதும்."

பதினைந்து வருஷம் போதுமானதாகத்தான் இருந்தது. பிறகு அந்த வலது கண்ணில் புகை படிந்தது. தொழிற்சாலை டாக்டர் புரை என்றார், முற்றட்டும் என்றார். அப்போது அதுதான் முறை. புரை பழுத்த பிறகு, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை அப்படியே வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த இடம் காலியாகவே இருக்கும். இல்லாத லென்ஸின் வேலையை, மூக்கின்மேல் உட்காரும் சோடாபுட்டிக் கண்ணாடி செய்ய வேண்டும்.

உங்கள் வரிசையில் தைத்த சுந்தரம் அப்படி ஒரு கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பியவர். அதில் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். ஓரத்தில் ஒன்றுமே தெரியாது. "டீக்கடையில கிளாஸ்னு நெனச்சிகினு என் கட்டவெரலப் புடிச்சி இழுக்கறான் மச்சான். டம்ளர உட்டுட்டு பக்கத்துல தண்ணி ஊத்தறான்" என்று நீங்கள் நடித்துக் காட்ட, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஊசி எங்கே, விரல் எங்கே என்று சுந்தரத்தால் கணிக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் அவரை மெஷினிலிருந்து எழுப்பி, துணித்துண்டு பெருக்க அனுப்பினார்கள். சிரித்து முடித்த பிறகு நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "நான் தொடப்பம் எடுக்க மாட்டேன் மச்சான்."

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் நகரத்தில் ஒரு கண் டாக்டர் என்னைப்போலப் பத்திரிகையில் வேலை பார்க்கும் நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார். வெளிநாட்டில் பயின்று வந்தவர். சின்னப் பொத்தான்போல ஒரு பிளாஸ்டிக் லென்ஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உலகப் போரில் விமானத்தின் பிளாஸ்டிக் முகப்பு உடைந்து, அதன் துண்டுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் போயின. கண் அந்தப் பொருளை வெறுத்துத் தள்ளவில்லை. அதைப் பார்த்துத்தான் அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்யும் யோசனை ஒருவருக்கு வந்தது என்றார். எடுத்த லென்ஸின் இடத்தில் இதை வைத்தால் சோடாபுட்டி வேண்டாம். இங்கேயும் சிலருக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன் என்றார். புறப்படும்போது, "ஒரே கண்ணை நம்பி இருக்கிறவருக்கு நான் இதை வைக்க மாட்டேன். சில கண்களில் கொஞ்ச காலம் கழித்துக் கருவிழி வெளுத்துப்போகிறது. முறை இன்னும் பழகவில்லை" என்றார்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எனக்கு ஒதுக்கிய இடம் நான்கு அங்குலம். விமானியை எழுதினேன், பொத்தானை எழுதினேன், சோடாபுட்டி இனி வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். கடைசியாகச் சொன்னதை எழுதவில்லை. இடம் இல்லாமல் இல்லை. விமானிக்குக் கொடுத்த மூன்று வரியில் ஒன்றை எடுத்திருந்தால் போதும். அந்த வரி வந்தால் செய்தி சப்பென்று ஆகிவிடும் என்று பட்டது.

அடுத்த ஞாயிறு ஆவடிக்கு வந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் உங்கள் வரிசைக்காரர்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். நீங்கள் சட்டைப் பையிலிருந்து கத்தரித்த செய்தியை எடுத்து விரித்தீர்கள்.

"எம் மச்சான் எழுதனது. படிங்கடா."

"மெய்யாலுமா அண்ணாத்தே? கண்ணுக்குள்ள பொத்தான் வெச்சித் தெச்சிருவாங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"பொத்தான் வெக்கறது நமக்குத் தெரியாத வேலையா?" என்றீர்கள். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினீர்கள். "என்னுது ஒத்தக் கண்ணாச்சே மச்சான். எனக்கு வெப்பாங்களா?"

பதில் எனக்குத் தெரியும். என் குறிப்பேட்டில் இருந்தது. அத்தனை பேர் முன்னால், அந்தக் காகிதத்தை நீங்கள் கையில் பிடித்திருக்கையில், "கேட்டுச் சொல்றேன் மாமா" என்றேன்.

தை மாதம் கோவில்பதாகைப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தது. புரை பழுத்துவிட்டது, இப்போதே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். நீங்கள் போகவில்லை. "மச்சான் பெரிய டாக்டரக் கேட்டுகினு கீறான்" என்று அக்காவிடம் சொன்னீர்களாம். நீ சொன்னால் கேட்பார் என்று அக்கா எனக்கு ஒரு கார்டு போட்டாள். நான் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்து மேஜைமேல் அந்தக் கார்டைப் பார்த்தபோது முகாம் முடிந்து ஒன்பது நாள். அடுத்த முகாம் வரும் என்று நினைத்துக்கொண்டு அதை டிராயருக்குள் போட்டேன்.

சித்திரையில் உங்களுக்குத் தலை வெடிப்பதுபோல வலி. வாந்தி. கண் சிவந்துவிட்டது. வெயில் என்று நினைத்து மூன்று நாள் தலைவலி மாத்திரையில் ஓட்டினீர்கள். நாலாம் நாள் அக்கா உங்களை ரயிலில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். தகவல் கிடைத்து நானும் அங்கே வந்தேன். பழுத்த புரை உள்ளேயே ஊதி, கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். இனி லென்ஸ் வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

"தை மாசமே எடுத்திருக்கலாமே அம்மா. எதுக்குக் காத்திருந்தீங்க?"

அக்கா உங்கள் சட்டைப் பையிலிருந்து செய்தியை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு, "ஒத்தைக் கண்ணுக்கு யாரும் இதை வைக்க மாட்டாங்களே. அது இதில் இல்லையே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னாடா, நீ எழுதலியா?"

"எழுதினேன்கா. ஆபீஸ்ல கடைசி வரியை வெட்டிட்டாங்க."

நீங்கள் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டீர்கள். "அவன் இன்னா பண்ணுவான், உடு. எழுதறதுதான் அவன் கையில, வெட்டறவன் வேற" என்றீர்கள். எனக்காகப் பரிந்து பேசினீர்கள்.

அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தீர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சேக்காட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். துடைப்பம்கூடக் கையில் வரவில்லை. நான் வரும்போதெல்லாம் என் காலரைத் தடவிப் பார்த்து, "கோணலா வெச்சிருக்கான், எவன்கிட்ட குடுத்த?" என்பீர்கள். பிறகு பேப்பரைப் படிக்கச் சொல்வீர்கள். ஒவ்வொரு செய்தியும் முடிந்ததும் அதே கேள்வி. "இத்தோட முடிஞ்சிதா, இல்ல வெட்டிட்டானுங்களா?" கேலியாகத்தான் கேட்டீர்கள். அப்படித்தான் இத்தனை காலமும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்குமேல் நினைத்துப் பார்க்கத் துணியவில்லை.

அந்தச் செய்திக்குப் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தேன். புது மருந்து, புது மெஷின் என்று யார் கூப்பிட்டாலும், இது யாருக்கு ஆகாது என்பதைத்தான் முதலில் கேட்டேன், முதல் பத்தியிலேயே எழுதினேன். கவனமான ஆள் என்று அதற்குப் பெயரும் கிடைத்தது. பெயர் வந்த விதத்தை யாருக்கும் சொன்னதில்லை.

அக்கா இப்போது மகனோடு கள்ளிக்குப்பத்தில் இருக்கிறாள். இன்று மத்தியானம் போன் செய்தாள்.

"கண்ணு தெரியுதாடா?"

"நல்லா தெரியுதுக்கா."

"உள்ள வெச்சிட்டாங்களா?"

"வெச்சிட்டாங்க."

பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "அன்னிக்கு ஒன்னோட ஆபீஸ்ல வெட்டனானே ஒர்த்தன், அவன் இன்னும் உசுரோட கீறானா?"

"இருக்கான்கா."

"அவனுக்குக் கண்ணு தெரியுதாமா?"

"தெரியுதாம்" என்றேன்.